ஆயுத பேர லஞ்ச விசாரணையை அரசே கைவிட்டால், அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக முடியுமா?

அருவங்காட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. வெளிநாட்டு ஆயுத பேரத்தில் லஞ்சம் கைமாறியதாக விசாரணை தொடங்கி, பிறகு அரசே அதை ஊற்றி மூடிவிட்டால், சாதாரண ஆட்கள் கோர்ட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க முடியுமா, கேட்டால் ஏதாவது நடக்குமா என்கிறார். வீட்டில் பாதிப் பேர் கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களாம். வெடிமருந்து செய்கிற ஊரில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

போகலாம். சில இடங்களில் ஜெயித்தும் இருக்கிறார்கள்.

நான் குன்னூரில் வக்கீல். ஆயுத பேர வழக்கு எதிலும் ஆஜரானவன் இல்லை. ஆனால் போலீஸ் முடித்து வைத்த வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்வது எங்களுக்கு அன்றாட வேலை. பச்சைத் தேயிலை கொடுத்துவிட்டுப் பணம் வராமல் ஏமாந்த ஒரு சிறு விவசாயி புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். போலீஸ் விசாரித்து ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’, அதாவது புகாரில் சொன்னபடி குற்றம் நடக்கவில்லை என்று முடித்தால், வழக்கை முடித்துவிட்டதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸை அவருக்குத் தர வேண்டும். புகார்தாரரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் வழக்கை முடிக்கக் கூடாது என்று 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். ஒரு முறை வந்தவர் இலை எடை போட்ட சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். விசாரணை அதிகாரி ஏஜெண்ட்டின் கணக்கு நோட்டை ஒரு நாளும் வரவழைத்துப் பார்த்ததில்லை என்பது கேஸ் கட்டைப் புரட்டியதுமே தெரிந்தது. போலீஸ் முடிவை ஏற்க முடியாது என்று மாஜிஸ்திரேட்டிடம் புரோட்டஸ்ட் பெட்டிஷன் போட்டோம். மேல் விசாரணைக்கு உத்தரவு வந்தது.

ஆயுத பேரத்தில் இந்த நோட்டீஸ் யாருக்குப் போகும்? கொடுத்தவனும் வாங்கியவனும் வாய் திறக்க மாட்டார்கள். நஷ்டம் ஒட்டுமொத்த ஜனத்துக்கு, ஆனால் சீட்டுக் கட்டோடு வந்து நிற்க ஒரு ஆள் இல்லை. அதனால்தான் இந்த வழக்குகளில் பெரிய சண்டையே ‘நீ யார் கேட்பதற்கு?’ என்பதில் வருகிறது.

இங்கிலாந்தில் அந்தக் கதவை ஒரு சின்ன அமைப்பு திறந்தது. சவூதி அரேபியாவுக்கு பிஏஇ நிறுவனம் போர் விமானங்கள் விற்ற அல் யமாமா பேரத்தை, எஸ்.எஃப்.ஓ. என்ற பெரிய மோசடிகளை விசாரிக்கும் அமைப்பு 2004 முதல் துருவிக்கொண்டிருந்தது. 2006-ல் ஸ்விஸ் வங்கிக் கணக்குகளை நெருங்கிய நேரத்தில் சவூதி தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது: விசாரணையை நிறுத்தாவிட்டால் பயங்கரவாதம் பற்றிய உளவுத் தகவல் இனி கிடைக்காது. ‘பிரிட்டிஷ் தெருக்களில் பிரிட்டிஷ் உயிர்கள்’ போகும் என்று சவூதியில் இருந்த பிரிட்டிஷ் தூதரே எஸ்.எஃப்.ஓ. இயக்குநர் ராபர்ட் வார்டிலிடம் சொன்னார். 2006 டிசம்பர் 14 அன்று விசாரணை நின்றது. அடுத்த வருஷமே 72 டைஃபூன் விமானங்களுக்கு சவூதி ஒப்பந்தம் போட்டது.

கார்னர் ஹவுஸ் என்ற அந்தச் சின்ன அமைப்பும், ஆயுத வியாபாரத்தை எதிர்க்கும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து வழக்குப் போட்டன. அங்கே தோற்றவர் எதிராளியின் செலவையும் கட்ட வேண்டும். சாதாரண ஆட்கள் அதற்குப் பயந்தே ஒதுங்கிவிடுவார்கள். பொதுநல வழக்குகளில் அந்தச் செலவுக்கு முன்கூட்டியே வரம்பு கட்டலாம் என்பதற்கான விதிமுறையும் 2005-ல் இதே கார்னர் ஹவுஸ் நடத்திய வேறொரு வழக்கில் வகுக்கப்பட்டதுதான்.

2008 ஏப்ரல் 10 அன்று உயர் நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் நீதியின் போக்கில் தலையிட உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ யாருக்கும் உரிமை இல்லை என்று நீதிபதிகள் மோசஸும் சல்லிவனும் எழுதினார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்த தீர்ப்பு அது. ஆனால் ஜூலை 30-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைப் புரட்டிப் போட்டது. உயிர்ச்சேதத்தை எடை போட்டுப் பார்த்து முடிவெடுக்க இயக்குநருக்கு அதிகாரம் உண்டு, அதில் கோர்ட் லேசில் கை வைக்காது என்றது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதைத் தடுக்க நாடுகள் சேர்ந்து போட்ட ஓ.இ.சி.டி. லஞ்ச ஒழிப்பு ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, வேறு நாட்டோடு உறவு கெடும் என்பதை விசாரணையில் பார்க்கவே கூடாது என்கிறது. அதன் பொருள் என்ன என்பதற்குள் நீதிபதிகள் போகவில்லை. ஐவரில் ஒருவரான ஹேல் அம்மையார், வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

தோல்விதான். ஆனாலும் பிரதமர் பிளேர் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிய கடிதம், அதற்கு ஒரு வருஷம் முன்பே விசாரணையை நிறுத்தச் சொல்லி பிஏஇ கம்பெனி எழுதியது எல்லாம் இந்த வழக்கால்தான் வெளியே வந்தன. 2010-ல் அமெரிக்காவில் பிஏஇ குற்றத்தை ஒப்புக்கொண்டு 40 கோடி டாலர் அபராதம் கட்டியது. லஞ்சம் கொடுத்ததாக இல்லை, பொய்த் தகவல் தந்ததாக.

ஜெயித்த கதைக்கு தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1999 ஆயுத பேரத்தோடு சேர்ந்த, ஜேக்கப் ஜூமா மீதான லஞ்ச வழக்கை 2009 ஏப்ரலில் அரசுத் தரப்பு வாபஸ் வாங்கியது. அடுத்த மாதம் அவர் ஜனாதிபதி. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணி கோர்ட்டுக்குப் போய், முதலில் முடிவை எதிர்க்கவில்லை. முடிவு எடுத்தபோது மேஜையில் இருந்த காகிதங்களைக் கொடு என்று கேட்டது. 2012-ல் வழக்குப் போடும் உரிமையும் கிடைத்தது, ஆவணங்களைக் கொடுக்க உத்தரவும் கிடைத்தது. 2016-ல் வாபஸ் வாங்கியது காரணகாரியம் இல்லாத முடிவு என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் ஜூமாவின் வக்கீலே அதை ஒப்புக்கொண்டார். 2018-ல் குற்றச்சாட்டு திரும்ப வந்தது.

பிரான்சில் வழி வேறு. பாகிஸ்தானுக்கு நீர்மூழ்கிக் கப்பல் விற்ற விவகாரத்தில், 2002 கராச்சி குண்டுவெடிப்பில் இறந்த 11 பிரெஞ்சு ஊழியர்களின் குடும்பங்களே கமிஷன் பணம் பற்றியும் விசாரிக்கச் சொல்லி நின்றன. 2012-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் தரப்பினராக ஏற்றது. 2020-ல் கீழ் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தண்டனை கொடுத்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஸ்வீடனிடம் பீரங்கி வாங்கியதில் லஞ்சம் என்ற போஃபர்ஸ் வழக்கில் 2005 மே 31 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஹிந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்கு 90 நாள். சி.பி.ஐ. போகவில்லை. அஜய் அகர்வால் என்ற வக்கீல் சொந்தமாக சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார், அது ஏற்கப்பட்டது. சி.பி.ஐ. எழுந்து வந்தது 2018-ல். 4,500 நாட்களுக்கு மேல் தாமதம், சொன்ன காரணம் திருப்தியாக இல்லை என்று நவம்பரில் தள்ளுபடி. சொல்ல இருப்பதை அகர்வாலின் மனுவில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். அரசு விட்ட நூலைத் தனி ஆள் ஒருவர் பிடித்து வைத்திருந்ததால்தான் அந்த இடமாவது மிச்சம் இருந்தது.

மூன்றாம் மனிதருக்கு இடம் இல்லை என்று 1992-ல் ஜனதா தளம் வழக்கில் இதே சுப்ரீம் கோர்ட் சொன்னதும் உண்மை. ஆனால் அங்கே சவுத்ரி என்ற வக்கீல் போஃபர்ஸ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி வந்திருந்தார். விசாரணையைக் கொல்ல வந்தவரை நிறுத்திய தீர்ப்பு அது. விசாரணையைக் கேட்டு வருகிறவருக்கு எதிராக அதை அப்படியே காட்டினால், இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சட்டம் படிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நடைமுறையாகச் சொல்கிறேன். விசாரணை முடித்த அறிக்கையின் சான்றிட்ட நகலை முதலில் கேளுங்கள். காலக்கெடு எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்று பாருங்கள். தேசப் பாதுகாப்பு என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்; யார் எப்போது எந்தக் காகிதத்தில் அப்படி எழுதினார் என்று கேளுங்கள். பிரான்சிடம் போர் விமானம் வாங்கியது பற்றிய ரஃபேல் வழக்கில் 2019 ஏப்ரல் 10 அன்று, கசிந்த ஆவணங்களைப் பார்க்கக் கூடாது என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. சீராய்வு மனு அந்த நவம்பரில் தள்ளுபடியானது வேறு விஷயம். ஏப்ரல் உத்தரவு இன்னும் எடுத்துக்காட்டத் தகுந்தது. ஜனநாயகக் கூட்டணி தீர்ப்புகளில் முதலில் 2012-ஐப் படியுங்கள், அப்புறம் 2016.