மாட்டுக்கு வரும் நோயைக் கணக்குப் போட்டுத் தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் கணக்குக்குள் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நான் கறவை மாடு இருந்த வீட்டில் வளர்ந்து, புள்ளியியல் படித்தவன். கோமாரி வந்த மாடு நூல்நூலாக எச்சில் ஒழுக, குளம்பிடுக்கில் புண்ணோடு காலை உதறிக்கொண்டே நிற்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரி பாடமாக வந்தபோது, நான் தூங்காமல் கேட்ட வகுப்பு அது.

அந்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று, எசெக்ஸில் அடிக்கக் கொண்டுவந்த பன்றிகளிடம் நோய் உறுதியானது. கால்நடைகளை இடம்மாற்ற நாடு முழுக்கத் தடை வந்தது 23-ஆம் தேதி. அதற்குள் வைரஸ் செம்மறிகளோடு சந்தை சந்தையாகப் போய்விட்டது. செம்மறிக்கு வந்தால் லேசாக நொண்டும், பல சமயம் அதுகூடத் தெரியாது. முதல் நோயைக் கண்டுபிடித்த அன்றே ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் தொற்று இருந்தது பின்னால்தான் தெரியவந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரி உட்பட சில குழுக்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டன. அடிப்படை எளிது: நோய் வந்த ஒரு பண்ணை சராசரியாக இன்னும் எத்தனை பண்ணைக்கு ஒட்ட வைக்கிறது? 2 என்றால், 10 பண்ணை அடுத்த சுற்றில் 20, அப்புறம் 40, 80. 0.8 என்றால் 10, 8, 6 என்று தானாக அடங்கும். நோய் வந்த பண்ணையின் கால்நடைகளைக் கொல்வது இப்போதைய வேகத்தில் போனால் இந்த எண் 1-க்குக் கீழே இறங்காது என்றது கணக்கு. அதை வைத்து வந்த உத்தரவு: நோய் வந்த பண்ணையின் கால்நடைகளை 24 மணி நேரத்தில் கொல்ல வேண்டும், ஒட்டியிருக்கும் பண்ணைகளில் 48 மணி நேரத்தில்.

'சீக்கிரம்' என்று சொன்னதில் கணக்கு சரி என்பேன். 'ஒட்டியிருக்கும் பண்ணை' என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. கணக்கில் பண்ணை என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. நடுவில் ஆறு ஓடுகிறதா, மாடு கொட்டகைக்குள்ளேயே இருக்கிறதா என்பது அந்தப் புள்ளிக்குத் தெரியாது. கொன்று போட்ட மந்தை நடுவே சில நாள் கழித்து உயிரோடு கிடைத்த டெவன் கன்றுக்குட்டி ஃபீனிக்ஸ் செய்தியானபிறகே விதி தளர்ந்தது. மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல் செத்தன. அதில் பெரும்பங்குக்கு நோயே இல்லை.

2011-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சங்கடமானது. கோமாரி வந்த மாடு சராசரியாக 1.7 நாள்தான் நோயைப் பரப்புகிறதாம். அதுவும் அறிகுறி தெரிந்து அரை நாள் கழித்து. அதாவது, உடனே கண்ணில் பட்டால் பக்கத்துப் பண்ணையைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருந்திருக்காது.

சரி, நம் ஊரில்? இங்கே கொல்வதில்லை, தடுப்பூசிதான். 2019 முதல் தேசியத் திட்டமாகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். இங்கேயும் அதே எண்தான்: ஒரு மாடு ஐந்துக்குப் பரப்பும் என்று வைத்தால், ஐந்தில் நான்குக்காவது எதிர்ப்பு சக்தி இருக்க வேண்டும். ஊசி எல்லா மாட்டுக்கும் பிடிக்காது என்பதால் அதைவிடக் கூடுதலாகப் போட வேண்டும். எங்கள் அப்பா ஊசி போட வரும் நாளில் விடியும் முன்பே சினை மாட்டை வயலுக்கு ஓட்டிவிடுவார். கேட்டால், "ஊசி போட்டா பால் வத்திடும், நீ படிக்கிற வேலையைப் பாருடா" என்பார்.