7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்றால் என்ன? ஆட்சி மாறினால் போய்விடுமா?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தொழிற்படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் தனியாக எடுத்துவைக்கும் பங்கு இது. கோத்தகிரி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையும் நகரத்தில் கோச்சிங் போன பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றால் யார் முந்துவார் என்பது தெரிந்ததுதானே, அதனால்தான். பஸ்ஸில் மகளிர் இருக்கை மாதிரி. இருக்கை இருக்கும், ஏறுவது நம் பாடு. மருத்துவத்துக்கு அந்தப் படிக்கட்டு நீட்.

சரி, ஆட்சி? 2020இல் அதிமுக மருத்துவத்துக்குச் சட்டமாக்கியது. 2021இல் திமுக அதைப் பொறியியல், வேளாண்மை, சட்டம் என நீட்டித்தது. இரு கட்சியும் சொந்தம் கொண்டாடும் விஷயத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

அப்புறம், அரசு உதவிபெறும் பள்ளியும் இதில் சேரும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள், சேராது.