பழைய நிலக்கரிக் கழிவு மேடு: தண்ணி எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க

கேள்வி: என் பையன் சிவில் முடிச்சுட்டு ஜார்க்கண்ட்ல ஒரு சுரங்க கான்ட்ராக்டர்கிட்ட இருக்கான். ரொம்ப வருஷமா கிடக்குற பழைய கழிவு மேடு சரியுமா, மழைத்தண்ணி ஒழுங்கா வடியுதான்னு பாத்து ரிப்போர்ட் எழுதச் சொல்லிருக்காங்க. கீழ குடிசைங்க இருக்காம். நாங்க மலையே இல்லாத ஊர்க்காரங்க, அவன் எதைக் கவனிக்கணும்?
(வாசகி, பாபநாசம்)

பதில்: மலை இல்லன்னா என்னம்மா, கொள்ளிடக் கரை இருக்கே. வெள்ளத்தப்ப கரைக்கு வெளிப்பக்கம் கசிவு தெளிவா வந்தா காவல் போட்டு பாத்துக்கிட்டிருப்பாங்க, கலங்கலா மண்ணோட வந்தா உள்ள அரிக்குதுன்னு ஊரே மணல் மூட்டையோட ஓடும். தம்பி அந்த மேட்டோட அடிவாரத்துல பாக்க வேண்டியதும் இதேதான், கசிவு இருக்கா, எந்த உயரத்துல, கலங்கலா, மழை நின்னு எத்தனை நாள் கழிச்சும் வருதா. காஞ்ச சரிவுல ஒரு இடம் மட்டும் பச்சையா கோரை மண்டிக் கிடந்தா அங்க உள்ள தண்ணி நிக்குதுன்னு அர்த்தம்.

மேடு கொட்டுறதுக்கு முன்னாடி அங்க ஓடை, ஊத்து ஏதாச்சும் இருந்துச்சான்னு பழைய வரைபடத்துல பாக்கச் சொல்லுங்க, ஊர்ப் பெரியவங்களையும் கேக்கணும். 1966 அக்டோபர் 21, வேல்ஸ்ல அபர்ஃபான்ல ஊத்து மேலயே கொட்டின மேடு தண்ணில ஊறி குழம்பா இறங்கி பள்ளிக்கூடத்த மூடிருச்சு, 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் பிள்ளைங்க. 1963லயே பள்ளிக்குப் பின்னாடி கொட்டுறது ஆபத்துன்னு உள்ளூர் நிர்வாகத்துலேர்ந்து கடிதம் போயிருக்கு, அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல. நம்ம நாட்டுலயும் 2016 டிசம்பர்ல ஜார்க்கண்ட் லால்மாட்டியா நிலக்கரிச் சுரங்கத்துல ஓ.பி. டம்ப், அதாவது கரிக்கு மேல இருந்து தோண்டிக் கொட்டின மண்ணு கல்லு மேடு, சரிஞ்சு தொழிலாளிங்க புதைஞ்சு போனாங்க.

அடுத்து உச்சிக்கு ஏறணும். விளிம்புக்கு இணையா வெடிப்பு ஓடுதா பாக்கணும், இருந்தா ரெண்டு பக்கமும் முளை அடிச்சு இடைவெளிய தேதி போட்டு அளந்துக்கிட்டே வரணும், அகலம் கூடுச்சுன்னா அன்னிக்கே குடிசைக்காரங்கள நகத்தச் சொல்லி எழுத்துல குடுக்கணும், ரிப்போர்ட் முடியட்டும்னு காத்திருக்கவே கூடாது. அடிவாரம் உப்பி நிக்குறதும் அதே மாதிரி எச்சரிக்கைதான். நிலக்கரிச் சுரங்க விதி சரிவு 37.5 டிகிரிய தாண்டக்கூடாது, 30 மீட்டருக்கு மேல உயரம்னா படி வெட்டணும்னு சொல்லுது, ஆனா கோணம் சரியா இருக்குன்னு நிம்மதியாயிட முடியாது, ஏன்னா மேட்டுல கிடக்குற களிக்கல்லு வருஷக்கணக்குல மழை வெயில்ல நொறுங்கி களிமண்ணாயிடும், உள்ள தண்ணி ஏறினா அந்த அழுத்தம் மண்ணோட பிடிப்பக் குறைச்சிடும். அதனால துளை போட்டு பீசோமீட்டர் வச்சு உள்நீர் மட்டம் அளக்கணும், மண் மாதிரி எடுத்து லேப்ல டெஸ்ட் பண்ணணும், அதுக்கப்புறம்தான் மேடு சரியுமான்னு கம்ப்யூட்டர்ல கணக்கு.

வடிகால்ல, மேல இருந்து வர்ற தண்ணி மேட்டத் தொடாம சுத்திப் போக ஒரு வாய்க்கால் வேணும், படி ஒவ்வொண்ணும் உள்பக்கம் சாஞ்சு தண்ணிய ஓரமா இறக்கணும், அடியில கல்லு போட்ட வடிகால் வேணும். கசியுற இடத்த சிமெண்ட் பூசி அடைக்கவே கூடாது! அடைச்சா தண்ணி உள்ள தேங்கி மேட்டையே தள்ளிடும். மணல், ஜல்லி, பெரிய கல்லுன்னு வரிசையா போட்டா மண்ண விடாம தண்ணிய மட்டும் விடும். வர்ற தண்ணி துரு நிறத்துல இருந்தா அமிலமா இருக்கலாம், அதை அப்படியே குளத்துலயோ வயல்லயோ விடக்கூடாது. புகை, கந்தக வாடை, தொட்டா சூடு இருந்தா உள்ள கரி எரியுது, அங்க மேல நடக்கவே வேண்டாம், உள்ள பொந்து விழுந்திருக்கும்.

கேள்வி: இந்த மாதிரி மேட்டுல மரம் நட்டா போதாதா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: நடுங்க, மேல்மண்ணு அரிக்காம இருக்கும், வெட்டிவேர் ரொம்பவே நல்லது. ஆனா ஆழத்துல நடக்குற சரிவுக்கு வேர் எட்டாது, வடிகால முடிச்சிட்டு அப்புறம் நடுங்க. ஏற்கெனவே நின்ன மரம் ஒரே பக்கமா சாஞ்சு அடிமரம் வளைஞ்சிருந்தா மண்ணு மெதுவா நகருதான்னு சந்தேகப்பட்டு அளக்கணும்.