பலூன் நாயின் கால் ஏன் அவிழ்கிறது?

வேளச்சேரி: நாய் செய்து பிள்ளை கையில் கொடுத்த ஐந்தாவது நிமிடமே கால் அவிழ்ந்து வெறும் குழாயாகிவிடுகிறதே?

ஒற்றை முறுக்கு நிற்காது. அடுத்தடுத்த இரண்டு குமிழ்களை மடித்து, அடியில் சேர்த்து முறுக்கினால்தான் பூட்டு விழும். 260 பலூன் எடுங்கள் (முழுக்க ஊதினால் 2 அங்குலத் தடிமன், 60 அங்குல நீளம்). நுனியில் 6 அங்குலம் ஊதாமல் விடுங்கள். முடிச்சுக்கு முன் துளி காற்றை வெளியே விடுங்கள். முடிச்சிலிருந்து மூக்கு 4 அங்குலம், காதுகள் 3, 3, பூட்டு. கழுத்து 3, முன்னங்கால்கள் 5, 5, பூட்டு. உடல் 5, பின்னங்கால்கள் 5, 5; பூட்டு. மிச்சம் வால். ஒவ்வொன்றும் மூன்று சுற்று, எல்லாம் ஒரே திசை. பூட்டு விழும்வரை முதல் குமிழையும் கடைசிக் குமிழையும் கைவிடாதீர்கள், நடுவிலுள்ளவை ஓடாது. வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்.

அண்ணா நகர்: 6 அங்குலம் வீண். 3 போதும்.

வாளுக்குப் போதும், அதில் முறுக்கு குறைவு. நாய்க்கு ஒன்பது. ஒவ்வொன்றும் காற்றை நுனிக்குத் தள்ளும். அங்கே இடமில்லையென்றால் பின்னங்கால் போடும்போது வெடிக்கும்.

தாம்பரம்: நானும் 3தான் விடுகிறேன், வெடித்ததில்லை.

டிசம்பர் மாலையாக இருக்கும். மே மாத மொட்டை மாடியில் செய்து பாருங்கள். வெயில் பட்டால் உள்ளே காற்று விரியும், கறுப்பும் கருநீலமும் முதலில் போகும்.

அண்ணா நகர் (மறுபடியும்): விறைப்பாக ஊதினால்தானே உறுதி?

இல்லை சார். விறைத்த குமிழ் முறுக்கைத் திருப்பித் தள்ளும், இளகியதுதான் நெருங்கி மடியும். உறுதி வேண்டுமானால் கால் சேருமிடத்தில் 1 அங்குலக் குமிழ் ஒன்று போட்டு, அதை மேலே இழுத்து, அதன் இரு முனைகளையும் சேர்த்து முறுக்குங்கள். காது முறுக்கு என்பது இதுதான். லேசில் அவிழாது. 3 அங்குல வழக்கு இதோடு முடிந்தது.

ராயபுரம்: பாரிமுனையில் வாங்கிய பாக்கெட், ஊதும்போதே போகிறது.

பழைய சரக்கு. இழுத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் குப்பைக்கு. நல்லதை வெயில் படாமல் இறுக மூடி வையுங்கள். வெடித்த துண்டு? பொறுக்குங்கள்.

பெரம்பூர்: வாயால் ஊதலாமா? ஹீலியம்?

கைப்பம்ப். ஹீலியம் வீண் செலவு.

போரூர்: கால் அவிழ்கிறது, என்ன செய்ய?

முதல் பதில்.

மடிப்பாக்கம்: இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த உருவம்?

எதுவும் வேண்டாம். 8 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டினால் மூச்சை அடைத்துவிடும். ஊதாத பலூனும் அப்படித்தான்.

குரோம்பேட்டை: கால் அவிழாமல் இருக்க...

போரூருக்குச் சொன்னதுதான்.