ட்ரைட்டனா, புது கீபோர்டா?

ஐயா, வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பிக்குப் கோர்க் ட்ரைட்டன் என்ற பழைய ஒர்க்ஸ்டேஷனை (இசையமைக்கவும் ரெக்கார்டு செய்யவும் வசதியுள்ள மேடைக் கீபோர்டை) வாங்கலாமா, கடையில் புது யமஹா பிஎஸ்ஆர்-இ373 எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேடைக் கலைஞர் ஒருவரே விற்கிறார் என்பதால் உங்களுக்கு ஆசை வந்திருக்கிறது. ட்ரைட்டன் நல்ல சாமான்தான். ஆனாலும் இப்போது வேண்டாம் என்பேன்.

தம்பி எழுதப்போவது லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எலக்ட்ரானிக் கீபோர்டு கிரேடு தேர்வு. அதில் இடது கை கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) பிடிக்க, அதற்கேற்ப ஸ்டைல் என்ற பின்னணித் தாளமும் இசையும் தானே ஓட, நடுவே ஃபில்-இன் என்ற சின்னத் தாள அடி விழ வேண்டும். 1999-இல் வந்த ட்ரைட்டனில் அந்த ஆட்டோ அக்கம்பனிமென்ட் கிடையாது. இருப்பது வாசித்ததை அடுக்கடுக்காகப் பதியும் 16 டிராக் சீக்வென்சர், பிடித்த கார்டை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து ஒலிக்கும் ஆர்ப்பெஜியேட்டர், வெளி ஒலியைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளிங், ஒவ்வொரு ஒலியையும் உள்ளே புகுந்து மாற்றும் வசதி. கச்சேரிக்கும் ரெக்கார்டிங்குக்கும் போகிறவருக்கு அதெல்லாம் தங்கம். ஸ்பீக்கர்கூட இல்லாததால், வாங்கிய அன்றே ஆம்ப்ளிஃபயருக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பாலிபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை, ட்ரைட்டனில் 62, இ373-இல் 48. இந்த எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். கிரேடு பாடங்களுக்கு 48 போதும். இ373-இன் உண்மையான குறை வேறு: ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்க உதவும் பிட்ச் பெண்ட் வீல் கிடையாது. நம் சினிமாப் பாட்டில் புல்லாங்குழல், நாதஸ்வரம் வரும் இடங்களில் ஸ்வரத்தை வளைக்காமல் வாசித்தால் உயிரே இருக்காது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் அந்த வீல் உள்ள பிஎஸ்ஆர்-இ473 எடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

"இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இன்று பாட்டுக்கான ஒலிகளையும் தாளத்தையும் அமைத்துத் தரும் கீபோர்டு புரோகிராமரின் வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. இந்தச் சின்ன கீபோர்டும் யுஎஸ்பி வழியே லேப்டாப்போடு சேரும். மிச்சமாகும் பணத்தை நல்ல லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் ஒதுக்குங்கள். பிளஸ் டூ முடித்து, சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடத்தில் மியூசிக் டெக்னாலஜி படிக்க விரும்பினால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். கச்சேரிக் குழுவில் சேர்ந்து கையில் காசு வரும்போது ஒர்க்ஸ்டேஷனைத் தம்பியே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

அன்றைக்குப் பழையது வாங்கினால் அவசரம் கூடாது. ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரப்பர் கான்டாக்ட் தேய்ந்திருந்தால் ஒரு கட்டை மட்டும் அலறும், பக்கத்துக் கட்டை ஊமையாகும். டச் ஸ்கிரீனில் நான்கு மூலையையும் தொட்டுப் பாருங்கள். ஃபிளாப்பி டிரைவ் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியானால் பின்னால் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் வீட்டு பிளக்கில் செருகவே கூடாது.