வாசகர் கேள்வி–பதில்: காசில்லாமல் கிடைக்குமா பிசினஸ் கிளாஸ்?

வாசகி ஒருவர், குடியாத்தம்: ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நானும் என் கணவரும் முதன்முறையாகச் சென்னையிலிருந்து பிராங்பர்ட் செல்லவிருக்கிறோம். நல்ல உடை உடுத்திக்கொண்டு, கவுன்டரில் பணிவாகக் கேட்டால் எகானமி டிக்கெட்டிலேயே பிசினஸ் கிளாஸ் கொடுத்துவிடுவார்கள் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் சொல்கிறார். கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அதற்குரிய உணவையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். அப்கிரேடு கிடைக்க வாய்ப்பு உண்டா?

பதில்: பட்டுப்புடவை உடுத்திச் சென்ற யாரோ ஒருவருக்கு விமானத்தின் முன்பக்கத்தில், அதாவது பிசினஸ் கிளாஸில், இடம் கிடைத்திருக்கலாம், ஆனால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இருக்கையை உயர்த்திக் கொடுக்க வைப்பது கவுன்டரில் இருப்பவரின் தாராள மனம் அன்று, நிறுவனத்தின் நெருக்கடி. டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்ற கணக்கில், எகானமியில் உள்ள இருக்கைகளைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்பது விமான நிறுவனங்களின் வழக்கம். அப்படி விற்ற பிறகு எல்லோரும் வந்து நின்றுவிட்டால், முன்பக்கத்தில் காலியாக இருக்கும் இடங்களுக்குச் சிலரை நகர்த்தினால்தான் மற்றவர்களை ஏற்ற முடியும். யாரை நகர்த்துவது என்பதில் கவுன்டர் ஊழியருக்குப் பெரிதாக வேலை இல்லை; அந்த நிறுவனத்தில் அடிக்கடி பறந்து கோல்டு, சில்வர் என்று தகுதி பெற்றவர்கள் முதலிலும், அதிகக் கட்டணம் கொடுத்தவர்கள் அடுத்தும், சலுகை விலையில் எடுத்தவர்கள் கடைசியிலுமாகக் கணினி ஒரு வரிசையை வைத்திருக்கும். அதனால்தான் பல அப்கிரேடுகள் கடைசி நேரத்தில், விமானத்தில் ஏறும் வாயிலான கேட்டிலேயே நடக்கின்றன. போர்டிங் பாஸை இயந்திரத்தில் காட்டும்போது வழக்கமான ஒலிக்குப் பதிலாக வேறு ஒலி எழும். ஊழியர் திரையைப் பார்ப்பார். புதிய இருக்கை எண்ணுடன் ஒரு சீட்டு அச்சாகி வரும். கேட்டு வாங்கியவரைவிடக் கேட்காமல் வாங்கியவர்களே அங்கு அதிகம்.

உங்கள் நிலையில் செய்யத்தக்கவை சில உண்டு. இருவரும் அந்த நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் இப்போதே சேர்ந்து, அந்த எண்ணை டிக்கெட்டில் பதியச் சொல்லுங்கள். சேரக் கட்டணம் இல்லை என்பதோடு, எண்ணே இல்லாதவரைவிட ஒரு படியாவது மேலே நிற்பீர்கள். கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் போன்ற காலங்களில் குடும்பங்களால் எகானமி நிரம்பி வழியும்போது அலுவல் பயணிகள் குறைவதால் முன்பக்கம் காலியாக இருக்கும். அதுவே வாய்ப்புள்ள காலம். தனியாகப் பயணிப்பவரை நகர்த்துவது எளிது என்பதும் உண்மையே. அதற்காக இருவருக்கும் தனித்தனி பிஎன்ஆர் எடுக்க வேண்டாம். விமான நேரம் மாறினாலோ ரத்தானாலோ ஒருவர் ஒரு விமானத்திலும் மற்றவர் வேறொன்றிலும் மாட்டிக்கொள்ள நேரிடும். தனி உணவு கேட்டிருப்பவரைக் கடைசி நேரத்தில் இடம் மாற்றச் சில ஊழியர்கள் தயங்குவார்கள் என்றாலும், கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஒன்றுக்காக உங்கள் கணவரின் உணவை ரத்து செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாமதமாகப் போனால் எகானமி நிரம்பிவிடும், அப்போது முன்னால் தள்ளுவார்கள் என்றொரு யோசனையும் உலவுகிறது. ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டி மீனம்பாக்கம் போக வேண்டிய நம் மாவட்டத்தாருக்கு அது ஆகாது. ஏறக்குறைய 10 மணி நேரப் பயணம் என்பதால், ஆன்லைன் செக்-இன் திறந்தவுடன் நடைபாதை ஓர இருக்கைகளைப் பிடித்துவிடுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பிசினஸுக்கும் எகானமிக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியின் விலையையும் ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள்.

வாசகர் ஒருவர், ஆம்பூர்: தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மிலான் நகரின் தோல் கண்காட்சிக்கும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களைப் பார்க்கவும் ஆண்டுக்குப் பலமுறை போகிறேன். எது மலிவோ அதில் ஏறுவதே கம்பெனியின் வழக்கம். இதுவரை ஒருமுறைகூட அப்கிரேடு கிடைத்ததில்லை. ஏன்?

பதில்: காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இத்தனை முறை பறந்தும் எந்த நிறுவனத்தின் கண்ணுக்கும் நீங்கள் வாடிக்கையாளராகத் தெரியவில்லை. மலிவு டிக்கெட்டைக் கம்பெனி விடாது என்பது புரிகிறது. ஆனால் மலிவுக்குள்ளேயே ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். ஏர் இந்தியா, லுப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் என்ற ஒரே கூட்டணியில் இருப்பவை. ஏர் இந்தியா அதில் 2014இல் சேர்ந்தது. கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்டு கூட்டணியைச் சேர்ந்தவை. எமிரேட்ஸ் எதிலும் சேராமல் தனித்து நிற்கிறது. ஒரு கூட்டணிக்குள் எதில் பறந்தாலும், பறப்பதற்குக் கிடைக்கும் புள்ளிகளான மைல்களை ஒரே கணக்கில் சேர்க்க முடியும் என்பதால், உங்கள் பயணங்களை ஒரு கூட்டணிக்குள் அடக்கப் பாருங்கள். எந்த நிறுவனத்தில் அதிகம் ஏறுகிறீர்களோ அதன் திட்டத்திலேயே கணக்கைத் தொடங்குங்கள். கோல்டு போன்ற உயர்நிலை அட்டை இருந்தால், விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சும் கூடுதல் பெட்டியும் பொதுவாகக் கூட்டணி நிறுவனங்களில் கிடைக்கும். இலவச இருக்கை என்று வரும்போது மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த உறுப்பினரையே முதலில் பார்க்கும்.

டிக்கெட் பணத்தைக் கம்பெனி கட்டினாலும் மைல்கள் பொதுவாகப் பறந்தவரின் கணக்கில்தான் சேரும். மைல்களைக் கொடுத்து உறுதியாகவே அப்கிரேடு வாங்கவும் வழியுண்டு. ஆனால் மிக மலிவான கட்டண வகைகளுக்குப் பல நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போது அந்த நிபந்தனையை மட்டுமாவது படித்துவிடுங்கள். சில சமயம் சிறிய வித்தியாசத்தில் அடுத்த கட்டண வகையே கிடைப்பதுண்டு.

வாசகர் ஒருவர், மேல்விஷாரம்: உம்ரா குழுவுடன் ஜித்தா போகிறோம். எங்களில் முதியவர்களுக்கு அப்கிரேடு கேட்கலாமா?

பதில்: குழுக் கட்டண டிக்கெட்டுகள் பெரும்பாலும் அப்கிரேடுக்குத் தகுதியற்றவை. முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியையும் கழிப்பறைக்கு அருகிலான இருக்கைகளையும் குழுத் தலைவர் மூலம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அவை நிச்சயம் பயன்படும்.

வாசகர் ஒருவர், காட்பாடி: டிக்கெட் எடுத்த பிறகு, பிசினஸ் கிளாஸுக்கு ஏலம் கேளுங்கள் என்று விமான நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இது மோசடியா?

பதில்: மோசடியாக இருக்க வேண்டியதில்லை. விற்காத முன்பக்க இருக்கைகளை இப்படி ஏலத்தில் விடுவது இன்று பல நிறுவனங்களின் வழக்கம். இலவச அப்கிரேடுகள் குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். விலை போகும் பொருளை யார் சும்மா கொடுப்பார்கள்? மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பிஎன்ஆரை இட்டு அங்கேயும் அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொகை தலைக்கு இவ்வளவு என்றே இருக்கும் என்பதையும், ஏற்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். இடையில் விமானம் மாறுவதாக இருந்தால், இரவில் படுத்துப் போகும் நீண்ட பகுதிக்கு மட்டும் கேளுங்கள்; துபாய் வரையிலான நான்கு மணி நேரத்துக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

வாசகர் ஒருவர், ஆற்காடு: மேலே ஏற்றுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இடமில்லை என்று ஏற்றாமல் விட்டாலோ, பிசினஸ் டிக்கெட் வைத்திருப்பவரைக் கீழ் வகுப்புக்கு இறக்கினாலோ என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் இந்திய அரசு அமைப்பான டிஜிசிஏ விதி வகுத்திருக்கிறது. கூடுதலாக விற்றுவிட்ட நிறுவனம், விட்டுக்கொடுக்க முன்வருபவர்கள் யாரேனும் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். அவசரமில்லாதவர் அப்போது தனக்கு வேண்டியதைப் பேசி வாங்கலாம், அடுத்த விமானத்தில் மேல் வகுப்பு உட்பட. விருப்பமின்றி நிறுத்தப்பட்டவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராமல் 24 மணி நேரத்துக்குள் தந்தால், ஒருவழிப் பயணத்தின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம் இழப்பீடு, அதிகபட்சம் 10,000 ரூபாய்; 24 மணி நேரத்தைத் தாண்டினால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000 ரூபாய். கீழ் வகுப்புக்கு இறக்கப்பட்டவருக்கு, 2023இல் வந்த திருத்தத்தின்படி, உள்நாட்டில் வரி உட்பட டிக்கெட் தொகையில் 75 சதவீதமும், வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்துக்கேற்ப 30, 50 அல்லது 75 சதவீதமும் திரும்பக் கிடைக்க வேண்டும். பழைய, புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு, காரணத்தைக் கேட்டிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.