வேரியாக்கும் ரெக்டிஃபயரும் இருந்தால் போதுமா?

கேள்வி: வால்வு (வெற்றிடக் குழாய்) சர்க்யூட்களைச் சோதித்துப் பார்க்க, 0 முதல் 300 வோல்ட் வரை ஏற்றி இறக்கும்படி ஒரு டிசி சப்ளை செய்ய ஆசை. கையில் வேரியாக் (குமிழைத் திருகி ஏசி வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) இருக்கிறது. அதன் அவுட்புட்டை ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் கொடுத்து, 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டால் முடிந்ததா?

பதில்: வோல்டேஜ் வரும். ஆனாலும் செய்யாதீர்கள். வேரியாக்கில் இருப்பது ஒரே காயில்தான். அது மெயின்ஸிலிருந்து எதையும் பிரிப்பதில்லை. பிளக் மாறிச் செருகியிருந்தால், குமிழ் 20 வோல்ட்டில் நின்றாலும் அவுட்புட்டின் இரண்டு முனையும் ஃபேஸை ஒட்டியே இருக்கும். பிளக் சரியாக இருந்தாலும், குமிழை ஏற்றி வைத்துக்கொண்டு ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை நெகட்டிவில் மாட்டினால் டயோடு வெடிக்கும்.

வேரியாக்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே 230க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (உள்ளே, வெளியே இரண்டுக்கும் தனித்தனி காயில் உள்ளது) ஒன்று வையுங்கள். 100 விஏ தாராளம். அதன் 230 வோல்ட்டை டிசியாக்கினால் உச்சமாக 325 வோல்ட் கிடைக்கும். பல வேரியாக்குகள் மெயின்ஸுக்கு மேலேயும் ஏறும் என்பதால் கப்பாசிட்டர் 450 வோல்ட் ரகமாக இருக்கட்டும். இன்னொன்று: ஐசொலேஷனுக்கு அப்பால் நீங்கள் பிளஸ், மைனஸ் இரண்டையும் தொட்டால் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழாது. அதை நம்பி இருக்காதீர்கள். இரும்புப் பெட்டியை மட்டும் கட்டாயம் எர்த் செய்யுங்கள்.

வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டருக்குத் தனி 6.3 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நேராக மெயின்ஸிலிருந்து. வேரியாக்கோடு சேர்த்தால் வால்வின் பிளேட்டுக்குப் போகும் டிசி வோல்டேஜை இறக்கும்போது ஹீட்டரும் மங்கிவிடும். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஹீட்டருக்கு 0.3 ஆம்பியர், ஈஎல்84 வால்வுக்கு 0.76 ஆம்பியர். 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் எடுத்தால் நிம்மதி.

சரி, எனக்கு உண்மையில் பயம் தருவது அந்தக் கப்பாசிட்டர். 325 வோல்ட்டில் 5 ஜூலுக்கு மேல் தேங்கி நிற்கும். ஸ்விட்சை அணைத்தாலும் போகாது. அதன் முனைகளுக்குக் குறுக்கே, தேங்கியதை மெல்ல வடித்துவிடும் ப்ளீடர் ரெசிஸ்டரை நிரந்தரமாகச் சால்டர் செய்யுங்கள். ஒரே 100கே (கிலோ ஓம்) கால் வாட் போட்டுவிடாதீர்கள்: சூடு தாங்காது, அந்த ரகம் பொதுவாக 250 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதும் இல்லை. 47கே, 2 வாட் இரண்டைத் தொடராகப் போட்டால் 50 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ 18 நொடி பிடிக்கும். பெட்டி முகப்பில் நியான் விளக்கு வைத்து, அணைந்ததும் கையை விடுபவர்கள் உண்டு. நானும் அப்படி ஒருமுறை விட்டிருக்கிறேன். நியான் 60 வோல்ட் பக்கத்திலேயே அணைந்துவிடுகிறது, மீதி உங்கள் விரலுக்கு! அதனால் வோல்ட் மீட்டர் கப்பாசிட்டரின் முனைகளிலேயே நிலையாக இருக்கட்டும். ப்ளீடர் எப்போதாவது கழன்றுபோனாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபியூஸ் இரண்டு வேண்டும்: மெயின்ஸ் பக்கம் ஒன்று, கப்பாசிட்டருக்கு அப்புறம் பிளஸ் கம்பியில் 100 மில்லிஆம்பியர் ஒன்று. இரண்டாவது டிசிக்கு உரியதாக, உங்கள் வோல்டேஜைத் தாங்குவதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உருகிய பின்னும் உள்ளே தீப்பொறி தொடரலாம்.

வோல்டேஜை நிலையாகப் பிடித்து வைக்கும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ரெகுலேட்டரை முதல் பெட்டியிலேயே சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 50 மில்லிஆம்பியருக்குக் கரண்ட் லிமிட் வைத்தால்கூட, அவுட்புட் ஷார்ட் ஆகும்போது 16 வாட் மொத்தமும் அந்த மாஸ்ஃபெட்டில்தான் இறங்கும். நல்ல ஹீட் சிங்க் வேண்டும். வேரியாக் குமிழே உங்களுக்கு இப்போதைக்குப் போதும். வால்வை மாற்றும்போது குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிளக்கை உருவி, மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள்.